எட்டாம் வசனத்துக்குப் பிறகு

ஆரணி
14.6.1997

கண்ணா,

பெங்களூர்க் குளிரிலிருந்து கர்த்தர் உன்னைக் காப்பாராக. போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. குருப்பட்டத்துக்குப் படிக்கிற பிள்ளைக்கு ஆயிரம் வேலை இருக்கும் என்று விட்டுவிட்டேன். இதற்குக் கட்டாயம் பதில் வேண்டும்.

உன் மாமாவுக்கு இருமல் நின்றுவிட்டது. காசநோய் என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை ஆரம்பித்து இரண்டரை மாதம் ஆகிறது. பங்குனியில் குழித்தறியில் இறங்கி உட்காரவே முடியாமல் இருந்த மனிதர் இப்போது மதியம் வரை நெய்கிறார். கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருக்கிறது. அந்த மாத்திரை போட்டால் ஒன்றுக்குச் சிவப்பாகப் போகிறதாம். "சாயப் பட்டறை ஒண்ணு வெச்சிடலாம் போலக்குது லதா" என்று ஒரே கிண்டல். ஆறு மாதம் விடாமல் போட வேண்டும் என்று நர்சம்மா சொல்லியிருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். எங்கள் ஜெப வீட்டில் வருகிற முதல் ஞாயிறு சாட்சிக் கூட்டம். சுகம் கிடைத்தவர்கள் தங்கள் மாத்திரை, மருந்து பாட்டில், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றையும் மேடைப் படியில் வைத்துவிட்டு வருவது வழக்கம். பாஸ்டர் ஐயா என்னைக் கூப்பிட்டு, "இருமல் நின்னு போச்சில்ல? அப்புறமும் மாத்திரைய வீட்ல வெச்சிகினு இருந்தா அது பாதி விசுவாசம்மா" என்றார்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் பவித்ரா ஜுரத்தில் கண் திறக்காமல் கிடந்தபோது நீதானே அவள் தலையில் கை வைத்து ஜெபித்தாய்? நம்புகிறவர்கள் நோயாளி மேல் கை வைத்தால் நோய் போகும் என்கிற வசனத்தைச் சொல்லித்தானே ஜெபித்தாய்? விடிந்ததும் குழந்தை எழுந்து இட்லி கேட்டாள். நீ முன்பே எடுத்த வேதத்தை அன்றைக்குத்தான் நானும் கையில் எடுத்தேன். அம்மா இன்றுவரை என் வீட்டில் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த வசனத்தை, மாற்கு கடைசி அதிகாரம் என்று போட்டு, நீ காலண்டர் அட்டையில் எழுதிக் கஞ்சி தடவித் தறிக்கு மேலே ஒட்டினாயே, அது இன்னும் அங்கேதான் இருக்கிறது.

மாமா ஞானஸ்நானம் எடுக்காதவர். ஆனாலும் என்ன சொல்கிறார் தெரியுமா? "உன் தம்பி என்னா சொல்றான்னு கேளு. அவன் வெக்கலாம்னா வெச்சிடலாம். அவன்தான் அதையே படிச்சிகினு இருக்கறவன்."

வைக்கலாம், வேண்டாம். இரண்டில் ஒன்று எழுது.

அக்கா
ஸ்வர்ணலதா


பெங்களூர்
25.6.1997

அன்புள்ள அக்கா,

மாமா தேறிவருவது பற்றி மிகுந்த சந்தோஷம். இந்த வருஷம் எங்களுக்குக் கிரேக்கம் தொடங்கியிருக்கிறது. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட மொழி. எழுத்துகளைப் பார்த்தாலே உன் பவித்ராவின் முதல் வகுப்பு நோட்டு ஞாபகம் வருகிறது. எனக்கும் அதே கோணல்தான்.

உனக்கு ஒன்று சொன்னால் ஆச்சரியப்படுவாய். மாற்கோ யோவானோ தம் கையால் எழுதியது ஒரு தாள்கூட உலகத்தில் இல்லை. எல்லாம் பிரதிக்குப் பிரதி பார்த்து எழுதியவை. இருப்பதிலேயே பழையது என்று பலர் சொல்வது எகிப்து மணலில் கிடைத்த ஒரு துண்டு, உள்ளங்கையில் அடங்கிவிடும். யோவானில் சில வரிகள். இயேசுவுக்கு நூறு, நூற்றைம்பது வருஷத்துக்குள் எழுதியது என்கிறார்கள். படத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. முழுசாக இருக்கிற பெரிய பிரதிகள் அதற்கும் இருநூறு வருஷம் பிந்தியவை. அவற்றையும் நாம் படிக்கிற வேதத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால் சில இடங்களில் வித்தியாசம் வருகிறது. அதிலும் குறிப்பாக

(மேலே மூன்று வரியை அடித்திருக்கிறேன், மன்னித்துக்கொள். அதை நேரில் வரும்போது விவரமாகச் சொல்கிறேன்.)

நீ கேட்டது பற்றி. இப்படிப்பட்ட காரியங்களில் ஒருவருக்காக இன்னொருவர் முடிவெடுக்க முடியாது. ஜெபித்து, உனக்கு எது சமாதானம் தருகிறதோ அதைச் செய். தேவன் வழிநடத்துவார். பவித்ராவுக்கு என் முத்தம்.

உன் தம்பி
கமலக்கண்ணன்


ஆரணி
9.7.1997

கண்ணா,

வைத்துவிட்டேன்.

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தரம் படித்துக் காட்டினேன். "வேணாம்னு ஒரு எடத்துலகூட சொல்லலயே" என்றார். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் நீ சொல்லியிருப்பாய். சின்ன வயதில் ஒரு தாயக்கட்டை ஆட்டத்தில்கூட நீ எனக்கு விட்டுக்கொடுத்தவன் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மேடைப் படியில் மாத்திரைப் பொட்டலத்தை வைத்தேன். பாட்டு முழங்கியது, எல்லோரும் கை தட்டினார்கள். உன் பெயரையும் சொன்னேன். என் தம்பி ஜெபித்துத்தான் என் மகள் பிழைத்தாள், அவன் இப்போது குருப்பட்டத்துக்குப் படிக்கிறான் என்றேன்.

பக்கத்து வீட்டு உண்ணாமலை மட்டும் சண்டைக்கு வந்துவிட்டாள். கையெழுத்துப் போடத் தெரியாதவள், வாய் மட்டும் வேலூர் கோட்டை வரைக்கும் கேட்கும். "மாத்திரைய முழுங்கிட்டு அப்புறமா ஜெபம் பண்ணேன். உன் சாமி கோச்சிக்குமா?" என்று தெருவே கேட்கக் கத்தினாள். விசுவாசம் இல்லாதவளுக்கு என்ன தெரியும் என்று உள்ளே வந்துவிட்டேன்.

நீ அடித்த மூன்று வரியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். "மாற்கு" தெரிகிறது. "இல்லை" தெரிகிறது. நடுவில் உள்ளதை நன்றாகவே பூசி மெழுகியிருக்கிறாய். என்ன அது?

அடுத்த தெருவில் தனக்கோடி வீட்டுத் தறிக்குப் பாவு நூல் பிணைக்கப் போக வேண்டும். அரக்கு நிறம், பெரிய பாவு, இரண்டு நாள் வேலை. உடனே எழுது.

அக்கா


பெங்களூர்
18.9.1997

அன்புள்ள அக்கா,

தாமதத்துக்கு மன்னிப்பாயாக. தேர்வு, கிராம ஊழியம், அது இதென்று நாள் போய்விட்டது.

ஒரு நல்ல செய்தி. குருப்பட்டத்துக்கான முதல் நேர்காணல் முடிந்தது. உன் அழைப்பைப் பற்றிச் சொல் என்றார்கள். பவித்ராவின் ஜுரம் நீங்கிய காலையைச் சொன்னேன். குழுவில் இருந்த ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதை எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

நீ கேட்ட அந்த வரிகள் பெரிய விஷயம் ஒன்றுமில்லை. பாட சம்பந்தமான ஒன்று. தீபாவளி விடுமுறைக்கு வரப் பார்க்கிறேன்.

மாமா எப்படி இருக்கிறார்?

கமலக்கண்ணன்


ஆரணி
17.11.1997

கண்ணா,

தீபாவளிக்கு வரப் பார்க்கிறேன் என்றாய். பார்த்ததோடு சரி.

மாமாவுக்கு மறுபடியும் இருமல். ஐப்பசி மழையில் ஈரம் பட்டதால் என்று நினைத்தேன். போன வாரம் துண்டில் ரத்தம். தறியில் குறுக்கே போகிற ஊடை நூலைத் தட்டத் தெம்பில்லை, பாதிப் புடவை அப்படியே நிற்கிறது. பாஸ்டர் ஐயா வந்து ஜெபித்தார். இது சாத்தானின் சோதனை, இப்போது மாத்திரையைத் தேடிப் போனால் கொடுத்த சாட்சி பொய்யாகிவிடும் என்கிறார்.

நான் இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருக்கிறேன். போகலாம் என்று செருப்பை மாட்டுவேன், தறிக்கு மேலே உன் எழுத்தில் இருக்கிற வசனத்தைப் பார்ப்பேன், கழற்றிவிடுவேன். ஒரு நாளைக்கு நாலு தரம் இப்படி. பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.

அவர் கேட்பதெல்லாம் ஒன்றுதான். "உன் தம்பி என்னதான் சொல்றான்?"

என்னதான் சொல்கிறாய்? பிரசங்கம் வேண்டாம். ஒரு வரி எழுது.

லதா


பெங்களூர்
12.12.1997

அன்புள்ள அக்கா,

மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். இதை எப்படியும் தபாலில் சேர்த்துவிடுவேன்.

மாற்குவின் சுவிசேஷம் நாலிலும் முந்தியது என்று எண்ணுகிறார்கள். இயேசுவுக்கு நாற்பது வருஷம் கழித்து எழுதியிருக்கலாம். அதன் மிகப் பழைய முழுப் பிரதிகள் இரண்டு. ஒன்று வத்திக்கானில் இருக்கிறது. இன்னொன்று சீனாய் மலை மடத்திலிருந்து போய் இப்போது லண்டனில் இருக்கிறது. இரண்டுக்கும் ஆயிரத்து அறுநூறு வயதுக்கு மேல். அந்த இரண்டிலும் மாற்கு கடைசி அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகிறது. பெண்கள் கல்லறைக்குப் போகிறார்கள், அது காலியாக இருக்கிறது, நடுங்கி ஓடுகிறார்கள், பயத்தினால் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். முடிந்துவிட்டது.

ஒன்பது முதல் இருபது வரை அவற்றில் இல்லை. பாம்பைப் பிடிப்பதும், விஷம் குடித்தாலும் சாகாமல் இருப்பதும், நோயாளி மேல் கை வைப்பதும் அந்தப் பன்னிரண்டு வசனத்துக்குள்தான் வருகிறது. கதை அப்படிப் பாதியில் நிற்பது பொறுக்காமல் பின்னால் வந்த யாரோ சேர்த்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான அறிஞர்கள் சொல்கிறார்கள். சேர்த்த கையும் பழைய கைதான், இரண்டாம் நூற்றாண்டிலேயே அதை அறிந்தவர்கள் இருந்திருக்கிறார்கள். ஆனாலும் அது மாற்குவின் கை இல்லை. வத்திக்கான் பிரதியை எழுதியவர் எட்டாம் வசனத்துக்குப் பிறகு ஒரு பத்தி இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறார். இன்னும் ஏதோ இருப்பதாகக் கேள்விப்பட்டாரோ, என்னவோ. எழுதவில்லை. அந்தப் படத்தை நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்கா, இதை நான் எப்போது படித்தேன் என்று சொன்னால்தான் இந்தக் கடிதத்துக்கு அர்த்தம் உண்டு. ஜூன் முதல் வாரம். உன் கடிதம் வருவதற்குப் பத்து நாள் முன்னால். நான் அடித்த மூன்று வரி இதுதான்.

ஏன் அடித்தேன்? உன் விசுவாசம் போய்விடும் என்று பயந்தேன். அம்மாவையும் சொந்தத்தையும் விட்டு நீ வந்தது அந்த ஒரு வசனத்தை நம்பி. அது பிற்காலத்தது என்று நானே எப்படிச் சொல்வேன்? இது பாதி உண்மை. மீதி உண்மை, அந்த வசனம் போனால் என் சாட்சியும் போகும். பவித்ராவின் ஜுரம் வெறும் ஜுரமாகிவிடும். அதை வைத்துத்தான் என்னை இங்கே சேர்த்தார்கள்.

வேதம் பொய் என்று நான் சொல்லவில்லை. அதன் மற்றப் பகுதிகளில் எனக்குச் சந்தேகம் இல்லை. அந்த வாக்கை மட்டும் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்று கருதுகிறேன். இதன் வெளிச்சத்தில் நீயும் மாமாவும் தகுந்த முடிவுக்கு வருவீர்கள் என்று நம்புகிறேன்.

கமலக்கண்ணன்


ஆரணி
2.1.1998

கண்ணா,

கடிதம் வந்தது. வந்த அன்றைக்கே மாமாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். அங்கிருந்து வேலூருக்கு அனுப்பினார்கள். பாதியில் விட்டதால் பழைய மாத்திரை இனிமேல் சரியாகக் கேட்காதாம், வேறு ஊசி போடுகிறார்கள். நடுவில் ஐந்து மாதம் என்ன செய்தீர்கள் என்று டாக்டர் கேட்டார்.

உண்ணாமலைதான் கூட வந்து உட்கார்ந்திருக்கிறாள். பெங்களூரிலிருந்து வேலூர் ஐந்து மணி நேரம் பஸ். உனக்கே தெரியும்.

லதா


பெங்களூர்
20.4.1998

அக்கா,

உண்ணாமலை யாரையோ எழுதவைத்துப் போட்ட கார்டு, நான் ஊழியத்துக்குப் போய்த் திரும்பிய பிறகுதான் கையில் கிடைத்தது. மாமா போய் ஆறு வாரம் ஆகிவிட்டது.

ஜனவரியில் நான் கிளம்பி வந்தேன். இதை நீ நம்புவாயோ மாட்டாயோ. வேலூர் பஸ் நிலையம் வரை வந்தேன். அங்கே ஒரு டீ குடித்தேன். மாமா என்னைப் பார்த்து "என்னதான் சொல்ற?" என்று கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்தேன். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

ஏதாவது எழுது. திட்டியாவது எழுது.

கண்ணன்


ஆரணி
21.2.1999

கமலக்கண்ணனுக்கு,

எடுத்தால் திட்டிவிடுவேன் என்றுதான் பத்து மாதமாகப் பேனாவை எடுக்கவில்லை. இப்போது எழுதவைத்தது நீயேதான். சொல்கிறேன்.

முதலில் மாமாவைப் பற்றி. மார்ச் மாதம் ஆறாம் தேதி, மதியம் சாப்பாட்டு வேளையில் போனார். ரொம்ப இளைத்துவிட்டார், பவித்ராவே தூக்கி உட்காரவைத்தாள். அவர் சொந்தக்காரர்கள் வந்து அவர்கள் முறைப்படி எடுத்துப் போனார்கள். பாஸ்டர் ஐயா வரவில்லை. வீட்டுக்குள் அவிசுவாசம் கடிதமாக வந்து நுழைந்ததால் இப்படி ஆனது என்று சபையில் சொன்னாராம். நான் அங்கே போவதை நிறுத்திவிட்டேன். அம்மா கருமாதிக்கு வந்தாள், தண்ணீர் குடிக்காமல் போனாள். இரண்டு கரையும் இல்லாமல் நிற்கிறேன்.

உன் நீளக் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். வத்திக்கான், சீனாய் மலை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அப்ப மாத்திரைய போட சொல்றானா, வேணான்றானா?" என்றார். நான் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அது அதில் எங்கேயும் இல்லை.

இன்னொன்று சொல்லட்டுமா? நீ எழுதியது எனக்குப் புதுச் செய்தி இல்லை. நான் பாவு பிணைக்கிறவள். பழைய பாவின் மிச்ச இழையில் புது இழையைச் சாம்பல் தொட்டு முறுக்கி, ஆயிரக்கணக்கில் சேர்க்கிறவள். சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் விரலுக்குத் தெரியும். அந்த அதிகாரத்தை முதல் தரம் படித்தபோதே தட்டியது. முதல் வசனத்திலேயே மரியாள் கல்லறைக்குக் கிளம்பிவிட்டாள். ஒன்பதாவதில் அவளை இப்போதுதான் பார்க்கிற மாதிரி, பிசாசு நீங்கினவள் என்று புதுசாக அறிமுகம் செய்கிறார்கள். கூட வந்த பெண்கள் எங்கே போனார்கள் என்றே இல்லை. இங்கே வேறு பாவு பிணைத்திருக்கிறார்கள் என்று அன்றைக்கே நினைத்தேன். நினைத்துவிட்டு அடுத்த பக்கம் போனேன். பிணைத்த பாவில்தான் ஆரணி முழுக்கப் புடவை நெய்கிறோம். நல்ல புடவைதான் வருகிறது.

நான் நம்பினது ஆயிரத்து அறுநூறு வருஷத்துப் பிரதியை இல்லை. தறிக்கு மேலே இருந்த உன் கையெழுத்தை நம்பினேன். வசனம் எவ்வளவு பழசு, யார் எழுதினது, யார் சேர்த்தது என்று நான் எப்போது கேட்டேன்? மாத்திரையை வைக்கலாமா வேண்டாமா என்று கேட்டேன். எழுதப் படிக்கத் தெரியாத உண்ணாமலைக்கு அதைச் சொல்ல ஒரு மூச்சு போதுமாக இருந்தது. நீ கிரேக்கம் படித்தவன், உனக்கு ஆறு மாதமும் நாலு பக்கமும் தேவைப்பட்டது. அப்போதும் சொல்லவில்லை.

உன்னை மட்டும் சொல்லவில்லை. பொட்டலத்தைப் படியில் வைத்த கை என் கை. அதை நான் யார் மேலும் போட மாட்டேன்.

இதோடு இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று, உங்கள் திருச்சபைப் பத்திரிகையிலிருந்து வெட்டினது. தை மாதம் நீ குருப்பட்டம் வாங்கினதாகப் படம் போட்டிருக்கிறார்கள். வெள்ளை அங்கி உனக்கு நன்றாகத்தான் இருக்கிறது. கீழே உன் சாட்சி. அக்காள் மகளின் ஜுரம், கை வைத்தது, அந்த வசனம், விடிந்ததும் இட்லி கேட்டது. எல்லாம் இருக்கிறது, தேதி உட்பட. மாமா இல்லை. எட்டாம் வசனத்தோடு நின்றுபோகிற அந்தப் பழைய பிரதியும் இல்லை. அதைப் படித்துவிட்டு அன்று முழுக்க அழுதேன். அவர் செத்தபோதுகூட அப்படி அழவில்லை.

இன்னொன்று தறிக்கு மேலே நீ ஒட்டின அட்டை. தண்ணீர் தொட்டுத் தொட்டு ஓரம் கிழியாமல் எடுத்தேன். உன் எழுத்து, நீயே வைத்துக்கொள். அது இருந்த இடம் மட்டும் சுவரில் சதுரமாக வெள்ளையாக இருக்கிறது. அதில் எதையும் ஒட்டப்போவதில்லை.

அந்தப் பெண்கள் பயந்து யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்றாயே, அவர்களுக்காவது பின்னால் யாரோ வந்து பன்னிரண்டு வசனம் சேர்த்துக் கொடுத்தார்கள். நமக்கு யாரும் வர மாட்டார்கள், கண்ணா. இங்கே வராதே. எழுதாதே.

பவித்ரா கூப்பிடுகிறாள். ஐப்பசியில் அவளுக்கும் இருமல் வந்தது. இப்போது நாலாவது மாதம், காலை ஏழு மணிக்கு நான் எதிரில் நின்று அவள் மாத்திரையை முழுங்கிய பிறகு வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கிறேன். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மணி ஏழாகிவிட்டது.

ஸ்வர்ணலதா